கேமரன் மலை ஏறும்போது மட்டும் அணைந்துபோகும் ஹீட்டட் கிரிப்: பேட்டரியா, கன்ட்ரோலரா?

ஈரக்கையுறை | ஞாயிறு, இரவு 9:12

தலைப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வரலாம். சிங்கப்பூர்க்காரனுக்கு எதற்குச் சூடாகும் கைப்பிடி என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள்.

வண்டி 400 சிசி, நாலு சிலிண்டர், பதினோரு வயது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது மலேசியாவின் கேமரன் மலைக்குப் போவேன். போன டிசம்பரில் மழையில் நனைந்துகொண்டே அங்கே தானா ராத்தா ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது விரல்கள் கிளட்ச் லீவரை விட்டு வர மறுத்தன. ஹெல்மெட் வாரைக் கழற்றிவிட மனைவிதான் வரவேண்டியிருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இந்த வருடம் கிரிப் வாங்கி, ஸ்கூடாயில் மச்சான் வீட்டு வாசலில் வைத்து நானே மாட்டினேன். முழுச் சூட்டில் 4 ஆம்பியர் இழுக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. சீட்டுக்கு அடியில் பார்க்கிங் லைட்டுக்குப் போகிற வயரிலிருந்து கரண்ட் எடுத்தேன், சாவி போட்டால்தான் வேலை செய்யும். எர்த் டேங்க் அடியில் ஃபிரேம் போல்ட்டில். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், ஐந்தே நிமிடத்தில் உள்ளங்கை தோசைக்கல்லில் வைத்த மாதிரி.

போன வாரம் தாப்பாவிலிருந்து பழைய சாலையில் ஏறினோம். லாத்தா இஸ்கந்தர் அருவி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதைத் தாண்டியதும் மழை, மூட்டம். கொஞ்ச நேரத்தில் கிரிப்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு மினுக்கிவிட்டு எல்லாம் அணைந்துவிட்டது. திரும்பப் போட்டால் இரண்டு நிமிடம், மறுபடி மினுக்கல், மறுபடி பச்சைத்தண்ணீர். மறுநாள் வெயிலில் இறங்கும்போது அணையவே இல்லை, ஆனால் வலது கை மட்டும் சரியாகச் சுடவில்லை, முதலில் வெதுவெதுப்பு, அப்புறம் அதுவும் போயிற்று.

பேட்டரி வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. கன்ட்ரோலருக்குள் தண்ணீர் போயிருக்குமா? வாங்கிய கடையில் கேட்டால், புதுசு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

வெயில்போதும் | ஞாயிறு, இரவு 9:40

பகல் இரண்டு மணிக்கு உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனை வரிசையில் அரை மணி நேரம் நில்லுங்கள். கிரிப், டேங்க், சீட் எல்லாம் இலவசமாகச் சூடாகும், ரிலே கிலே ஒன்றும் வேண்டாம்.

கேலி போகட்டும். மழைக்குத் தண்ணீர் புகாத கையுறை ஒன்று வாங்கினால் வேலை முடிந்தது. நான் 22 வருடமாக மலேசியா பூராவும் ஓட்டுகிறேன், கைக்கு ஹீட்டர் கேட்டதில்லை.

சிவப்பு ஹெல்மெட் | ஞாயிறு, இரவு 10:25

@வெயில்போதும் அண்ணே, எல்லோருக்கும் உங்கள் கை வாய்க்கவில்லை. எனக்கு ரேனாட் இருக்கிறது, குளிரில் விரலுக்கு ரத்தம் சரியாகப் போகாத நோய். 20 டிகிரிக்குக் கீழே ஈரக்காற்று பட்டால் போதும், இரண்டு விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். அந்த விரலால் முன் பிரேக் பிடிப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். நான் ஜனவரியில் தாய்லாந்தில் தோய் இந்தனோன் வரை போனேன், அது 2,565 மீட்டர். உச்சியில் விடிகாலையில் புல்லில் உறைபனி.

@ஈரக்கையுறை அண்ணே, பழுதைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். ஒன்று மட்டும்: கிரிப் உள்ளங்கையைத்தான் சுடும், காற்று அடிப்பது புறங்கையில். ஹேண்ட்கார்ட் (கைக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் மறைப்பு) இல்லாமல் ஹீட்டட் கிரிப் மட்டும் போட்டால் ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் பச்சையாக இருக்கிற அப்பம் மாதிரிதான். முதலில் ஹேண்ட்கார்ட், அப்புறம் கிரிப்.

டூஏ பையன் | ஞாயிறு, இரவு 11:03

இது சிம்பிள் கேஸ். பழைய பைக், எஞ்சின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டருக்குத் தெம்பு இல்லை. மலையில் மெதுவாக ஏறும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) குறைவு, சார்ஜ் குறைவு, கன்ட்ரோலர் பேட்டரியைக் காப்பாற்ற அணைத்துவிடுகிறது. சார்ஜ் வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரை மாற்றுங்கள், கூடவே லித்தியம் பேட்டரி. இணையத்தில் ஆர்டர் போட்டால் இரண்டு நாளில் வரும்.

நாலுமணிப் பாலம் | திங்கள், காலை 4:20

(வரிசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.)

மழையில்தான் பழுது என்றால் கனெக்டரைப் பாருங்கள். ஹெட்லைட் பின்னால் சொருகுகிற அந்த வெள்ளை பிளக்கைப் பிரித்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. சுத்தம் செய்து கிரீஸ் வைத்து மூடினேன், ஒன்றரை வருடமாக ஓடுகிறது.

இன்னொன்று, ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) போட்டீர்களா? பார்க்கிங் லைட் வயர் நூடுல்ஸ் தடிமன்தான் இருக்கும்.

ஈஆர்பி ஓபியு (சாலைக்கட்டணக் கருவி) பக்கத்திலேயே வயர் வருகிறது என்று அதில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். என் நண்பன் அதிலிருந்து போன் சார்ஜருக்கு எடுக்கப் பார்த்தான். அந்தக் கதை வேறு இழையில்.

பழைய கப்பல்வயர் | திங்கள், மாலை 7:48

செம்பவாங் கப்பல் பட்டறைகளில் முப்பது வருடம் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவன். பைக் எலக்ட்ரிக்கலும் கப்பல் எலக்ட்ரிக்கலும் ஒரு விஷயத்தில் ஒன்று: உப்புத்தண்ணீரோ மழைத்தண்ணீரோ, பழுது எப்போதும் நாம் கடைசியாகத் தொட்ட இடத்தில்தான் இருக்கும்.

@டூஏ பையன், தம்பி சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் கணக்கு பாருங்கள். 4 ஆம்பியர் என்றால் சுமார் 50 வாட், இன்னொரு ஹெட்லைட் பல்பு போட்ட மாதிரி. ஆரோக்கியமான 400 சிசி வண்டி அதற்கெல்லாம் படுத்துவிடாது. அளந்து பார்க்காமல் ரெகுலேட்டரும் பேட்டரியும் வாங்கச் சொன்னால் கடைக்காரருக்குத்தான் நல்லது.

@ஈரக்கையுறை, இரண்டு கேள்வி. அணைந்த நேரத்தில் வண்டியில் வேறு என்ன எரிந்துகொண்டிருந்தது? உங்களிடம் மல்டிமீட்டர் இருக்கிறதா?

ஈரக்கையுறை | திங்கள், இரவு 10:15

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. மூட்டம் வந்ததும் ஃபாக் லேம்ப் போட்டேன்! எல்இடி, ஒன்று 20 வாட், இரண்டு. போன வருடம் ஒரு கடையில் மாட்டியது. அதற்கும் அதே பார்க்கிங் லைட் வயர்தான், எர்த்தும் அதே டேங்க் அடி போல்ட்தான். நான் கிரிப்பின் எர்த்தை அவர்கள் போட்ட வளையத்தின் மேலேயே வைத்து முறுக்கினேன். சோதித்துப் பார்த்த அன்று பகல், ஃபாக் லேம்ப் போடவில்லை.

மல்டிமீட்டர் இன்று சாயங்காலம் சிம் லிம் டவரில் வாங்கினேன், 28 வெள்ளி. வந்த வேகத்தில் எர்த்தைச் சோதித்துவிட்டேன். ஒரு முனை போல்ட்டில், ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், நன்றாக பீப் அடிக்கிறது. ரீடிங் 0.3 ஓம். அதனால் எர்த் சரி.

பழைய கப்பல்வயர் | செவ்வாய், காலை 6:30

எர்த் சரி என்று அந்த பீப் சொல்லவில்லை, தம்பி.

மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். சும்மாவே 0.1, 0.2 ஓம் காட்டும். அது மீட்டர் வயரின் சொந்தத் தடை. உங்கள் எர்த்தில் 0.2 ஓம் கூடுதலாக இருந்தால் அந்த மீட்டருக்கு அது பெரிதாகத் தெரியாது, பீப்பும் அடித்துவிடும். ஏனென்றால் மீட்டர் அனுப்புவது எறும்பு அளவு கரண்ட். உங்கள் கிரிப்பும் லேம்பும் சேர்ந்து அனுப்புவது 7 ஆம்பியர். 7 ஆம்பியர் 0.2 ஓமைக் கடக்கும்போது 1.4 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். சைக்கிள் ஒன்று பாலத்தைக் கடந்துவிட்டது, அதனால் லாரியும் போகலாம் என்பது மாதிரி.

அதனால் ஓமில் அளக்காதீர்கள். கரண்ட் ஓடும்போது வோல்ட்டில் அளங்கள். எஞ்சினை 3,000 ஆர்பிஎம்மில் வைக்கவும், கிரிப் முழுச் சூட்டில்.

முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே எவ்வளவு. பிறகு கன்ட்ரோலர் பிளக்கில் எவ்வளவு. பிளக்கைக் கழற்றாமல் பின்பக்கமாக ஊசி நுழைத்து அளக்கவேண்டும், கழற்றினால் லோடு போய்விடும், அளவு பொய் சொல்லும். அப்புறம் பேட்டரி நெகட்டிவிலிருந்து கிரிப்பின் கறுப்பு வயருக்கு, அதே மாதிரி பேட்டரி பாசிட்டிவிலிருந்து சிவப்பு வயருக்கு. நாலையும் எழுதிக்கொண்டு, ஃபாக் லேம்பைப் போட்டு மறுபடி நாலு.

ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். மச்சானைக் கூப்பிடுங்கள்.

வெயில்போதும் | செவ்வாய், காலை 8:02

கையுறை வாங்கியிருந்தால் இந்நேரம் தூங்கி எழுந்திருப்பார்.

ஈரக்கையுறை | சனி, மாலை 5:55

மச்சான் பிடித்தான், நான் அளந்தேன். குறிப்பேட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்.

கிரிப் மட்டும்: பேட்டரியில் 13.9, பிளக்கில் 12.8. கறுப்புப் பக்கம் 0.8, சிவப்புப் பக்கம் 0.3.

ஃபாக் லேம்பும் சேர்த்து: பேட்டரியில் 13.8, பிளக்கில் 11.9. கறுப்புப் பக்கம் 1.4, சிவப்புப் பக்கம் 0.5.

ஆக்சிலேட்டரை முறுக்காமல் ஐடிலில் விட்டால் பேட்டரியில் 13.1, பிளக்கில் 11.2. அப்போதே சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்துவிட்டது. கிரிப்போடு வந்த காகிதத்தை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன்: 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாக அணைந்துவிடுமாம்.

போல்ட்டைக் கழற்றினேன். வளையத்தின் அடியில் கறுப்பு பெயின்ட் அப்படியே பளபளவென்று இருக்கிறது. போல்ட்டின் மரை வழியாக மட்டும்தான் கரண்ட் போய்வந்திருக்கிறது, மரையிலும் துரு. கையில் எடுத்தால் போல்ட் சுடுகிறது ஐயா!

பழைய கப்பல்வயர் | சனி, இரவு 8:10

சுடாமல் என்ன செய்யும்? 1.4 வோல்ட், 7 ஆம்பியர், ஏறக்குறைய 10 வாட். உங்கள் கையைச் சுட வேண்டியது போல்ட்டைச் சுட்டுக்கொண்டிருந்தது. கிரிப்புக்கு வந்த வோல்ட்டும் குறைவு என்பதால், அணையாத நேரத்திலும் கால்வாசிச் சூடு போய்விட்டது. சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது.

பேட்டரியில் 13.8 இருக்கிறது, பார்த்தீர்களா? ஆல்டர்னேட்டர் பாவம், அதன் மேல் பழி போட்டுவிட்டோம். கன்ட்ரோலரும் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. தன்னிடம் வந்து சேர்ந்த 11.9 தான் பேட்டரியின் நிலைமை என்று அது நம்பியது.

இனி செய்ய வேண்டியது. எர்த்தை ஃபிரேமிலிருந்து எடுத்து நேராக பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுபோங்கள், 2 சதுர மில்லிமீட்டர் வயர். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அங்கேயே வைக்கலாம், ஆனால் நம் ஊர் மழைக்கு ஒரே வருடத்தில் மறுபடி துரு.

பாசிட்டிவுக்கு நாலு கால் ரிலே. 30 என்று எழுதிய காலுக்கு பேட்டரி பாசிட்டிவ், நடுவே 10 ஆம்பியர் ஃபியூஸ், அந்த ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கவேண்டும். 87 கிரிப்புக்கும் லேம்புக்கும். 85 எர்த். 86 காலுக்கு உங்கள் பார்க்கிங் லைட் வயர், அது இனிமேல் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும், பாரம் சுமக்க வேண்டாம். வயரைக் கடித்துப் பிடிக்கிற நீலக் கிளிப்பைப் பயன்படுத்தியிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு சோல்டர் செய்யுங்கள். அந்தக் கிளிப் பாதி இழைகளை அறுத்துவிடும், ஈரமும் உள்ளே போகும்.

டூஏ பையன் | சனி, இரவு 8:31

சரி, ஆல்டர்னேட்டரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என் 150 சிசி வண்டியில் ஐடிலில் கிரிப் போட்டால் பேட்டரியிலேயே 12.3 காட்டுகிறது. அது எர்த் இல்லையே?

பழைய கப்பல்வயர் | சனி, இரவு 8:44

இல்லை, அது உண்மையிலேயே தெம்பு இல்லாமைதான். சின்ன வண்டிக்கு நீங்கள் சொன்ன நோய் பொருந்தும். சிக்னலில் நிற்கும்போது கிரிப்பைக் குறைத்து வையுங்கள்.

நாலுமணிப் பாலம் | ஞாயிறு, காலை 11:17

கிரிப் மாட்டப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. பெட்டியில் வருகிற சூப்பர் குளூ காற்றிலிருக்கும் ஈரத்தில்தான் இறுகும். குளிர்நாட்டுக் காணொளியில் அந்த ஆள் சாவகாசமாகத் தள்ளித் திருப்பி நேராக்குகிறார். நம் ஊரில் ஈரப்பதம் சராசரியாகவே 80 சதவீதத்துக்கு மேல். நான் இடது கிரிப்பை முக்கால்வாசி தள்ளிவிட்டுத் தும்மினேன், அவ்வளவுதான். நாலு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு, வயர் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினேன். முதலில் குளூ இல்லாமல் போட்டுப் பாருங்கள். வயர் எந்தப் பக்கம் என்று மார்க்கரில் கோடு போடுங்கள். அப்புறம் ஒரே மூச்சில்.

ஈரக்கையுறை | ஞாயிறு, இரவு 9:30

எர்த் மாற்றி, ரிலே போட்டாகிவிட்டது. எல்லாம் எரியும்போது பிளக்கில் 13.6. கறுப்புப் பக்கம் 0.05! பத்து நிமிடம் ஃபாக் லேம்போடு ஐடிலில் விட்டேன், மினுக்கவே இல்லை.

ஆனால் வலது கை இன்னும் பழைய கதைதான். நிற்கும்போது சுடுகிறது, ஓட்டும்போது குளிர்கிறது. இடது சரியாக இருக்கிறது. இரண்டு கிரிப்பின் பிளக்கையும் கழற்றி ஓம் பார்த்தேன், இடது 6.1, வலது 6.3. இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது?

சிவப்பு ஹெல்மெட் | ஞாயிறு, இரவு 9:52

அண்ணே, மீட்டரை வலது கிரிப்பில் வைத்துக்கொண்டே ஆக்சிலேட்டரை மெதுவாக முறுக்கிப் பாருங்கள். நீங்கள் திராட்டிலை மூடி வைத்து அளந்திருக்கிறீர்கள். ஓட்டும்போது அது மூடி இருப்பதில்லையே.

ஈரக்கையுறை | ஞாயிறு, இரவு 10:20

பாதி முறுக்கினால் 6.3 ஆடுகிறது, முக்கால் தாண்டினால் ஓஎல், அதாவது இணைப்பே இல்லை. விட்டால் திரும்ப 6.3. வயர் உள்ளே அறுந்திருக்கிறது! அக்கா, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், ஒரு தே தாரிக் வாங்கித் தருகிறேன்.

சிவப்பு ஹெல்மெட் | ஞாயிறு, இரவு 10:46

அக்காவா! சரி, தே தாரிக் வரட்டும்.

வலது கிரிப் மட்டும்தான் தினமும் ஆயிரம் தடவை சுழலுகிறது, அதனால் அறுவதும் அங்கேதான். வயர் கிரிப்பை விட்டு வெளியே வருகிற இடம் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் இருந்தால் ஒவ்வொரு முறுக்கலிலும் ஒரே இடத்தில் மடியும். கம்பியை முன்னும் பின்னும் மடித்து ஒடிப்பது போலத்தான். மூடியிருக்கும்போது வயர் கீழ்ப்பக்கம் வந்து, சின்னதாக ஒரு வளைவு தொங்கவேண்டும்.

கிரிப்பைச் சுரண்டி எடுக்க வேண்டாம், கிழிந்துவிடும். வலது பக்கம் கிரிப் ஒட்டியிருப்பது பிளாஸ்டிக் குழாயில். பார் முனை எடையைக் கழற்றி, சுவிட்ச் பெட்டியின் இரண்டு ஸ்க்ரூவை எடுத்து, திராட்டில் கேபிளை விடுவித்தால் குழாயோடு முழுசாக உருவி வந்துவிடும். மேசையில் வைத்து நிதானமாகப் பாருங்கள். அறுந்தது வெளியே இருந்தால் பிழைத்தீர்கள். மெல்லிய சிலிக்கோன் உறை போட்ட வயர் சோல்டர் செய்து, மேலே ஹீட்ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்). ஆனால் சோல்டர் செய்த இடம் மடியக்கூடாது, விறைப்பாகிவிடும், அதன் ஓரத்திலேயே மறுபடி அறும். அதை மடிப்புக்கு அப்பால் தள்ளி வைத்துக் கட்டுங்கள்.

திரும்ப மாட்டியதும் இதைச் செய்யாமல் தெருவில் இறக்காதீர்கள்: முழுக்க முறுக்கிவிட்டு விடுங்கள், டக்கென்று தானாகத் திரும்பவேண்டும். கிரிப் முனைக்கும் பார் எடைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்புங்கள், ஆர்பிஎம் ஏறினால் ஏதோ இழுக்கிறது. என் முதல் கிரிப் பார் எடையில் உரசி, தாய்லாந்தில் ஒரு கொண்டையூசி வளைவில் ஆக்சிலேட்டர் திரும்பவில்லை. கிளட்சைப் பிடித்ததால் இதை எழுதுகிறேன்.

வெயில்போதும் | திங்கள், காலை 7:15

ஒரு சந்தேகம், கேலி இல்லை. எனக்குச் சர்க்கரை பத்து வருடமாக. விரல் நுனி இப்போது கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது. குளிரில் லீவர் எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. இதை மாட்டினால் உதவுமா?

சிவப்பு ஹெல்மெட் | திங்கள், காலை 7:50

அண்ணே, உங்களுக்கு முதலில் டாக்டர், அப்புறம்தான் கிரிப். மரத்துப்போன கைக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது, மிதமான சூடு கூட நேரம் போகப்போகத் தோலைப் புண்ணாக்கும். மாட்டினாலும் குறைந்த அளவில், கையுறைக்கு மேலாக, அடிக்கடி நிறுத்தி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு. 22 வருடம் ஓட்டிய அந்தத் தண்ணீர் புகாத கையுறையை நீங்களே சிபாரிசு செய்தீர்களே, அதோடு ஹேண்ட்கார்ட் போட்டுப் பாருங்கள்.

வெயில்போதும் | திங்கள், காலை 8:05

ஹேண்ட்கார்ட் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும்? தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

ஈரக்கையுறை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 11:20

கேமரன் மலையில் பிரிஞ்சாங் வரை போய்விட்டு இப்போதுதான் வந்தேன். அறுந்தது கிரிப்புக்கு வெளியே ஒரு சென்டிமீட்டரில் இருந்தது, தப்பித்தேன். அதே தாப்பா சாலை, அதே மழை, ஃபாக் லேம்ப் எரிய இரண்டு மணி நேரம், இரண்டு கையும் சுடச்சுட. நடுநிலையில் வைத்தாலே போதும், முழுச் சூடு கேட்கவில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் கோபம். "உங்கள் கை சூடு, என் கை?" என்று கேட்கிறார். ஹீட்டட் வெஸ்ட் ஒன்று பார்த்தேன், அது தனியாக 6 ஆம்பியராம். ஐயா, தாங்குமா?

பழைய கப்பல்வயர் | திங்கள், காலை 6:12

அந்த 10 ஆம்பியர் ஃபியூஸில் சேர்க்காதீர்கள். தனி ஃபியூஸ், தனி வயர். வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஐடிலில் பேட்டரியில் எவ்வளவு என்று அளந்து இங்கே எழுதுங்கள். வெஸ்ட் இல்லாததால், அதற்குப் பதிலாக ஒரு ஹெட்லைட் பல்பை பேட்டரியில் தனியாக எரியவிடுங்கள், ஹை பீம் 60 வாட் என்றால் கிட்டத்தட்ட 5 ஆம்பியர் ஆகும்.

ஈரக்கையுறை | திங்கள், காலை 6:40

சனிக்கிழமை மச்சான் வீடு. பல்பு தேடுகிறேன்.